தம்பியின் பே-ஸ்லிப்பை விடுங்கள், உங்கள் 2022 இன்கிரிமென்ட் எங்கே?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், கம்பெனி, அடையாளம் தெரியக்கூடிய மற்ற விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 36. அந்தேரியில், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் செய்து தரும் ஒரு கம்பெனியில் ஏழு வருடமாக டாக்குமென்டேஷன் பிரிவில் இருக்கிறார். ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி என்ற ஏற்றுமதி, இறக்குமதிப் படிவங்கள் தயாரிப்பது, இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் ஒப்பிடுவது, எச்.எஸ். கோடு (சரக்கின் வகையைச் சொல்லும் எண்) சரிபார்ப்பது, நாவா சேவா துறைமுகத்தில் கன்டெய்னர் நின்றுவிட்டால் ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுப்பது, எல்லாம் இவர் வேலை. கைக்கு வருவது 38,500 ரூபாய்.

14 மாதத்துக்கு முன் அதே பதவிப் பெயரில் ஓர் இளைஞர் சேர்ந்தார். கோயம்புத்தூர்க்காரர். இவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார், வேலை கற்றுக்கொடுத்ததும் இந்த அக்காதான். போன மாதம் அந்த இளைஞர் வாடகைக்கு வீடு பார்த்தபோது, லீவ் அண்டு லைசன்ஸ் ஒப்பந்தம் போடப் புரோக்கர் மூன்று மாத பே-ஸ்லிப் கேட்டிருக்கிறார். "அக்கா, என் லாகின்ல ப்ரின்ட் வரமாட்டேங்குது, நீங்க போட்டுத் தர்றீங்களா?" என்று வாட்ஸப்பில் பி.டி.எஃப். வந்தது. பிரின்டரிலிருந்து தாளை எடுக்கும்போது இவர் கண்ணில் பட்டது: கிராஸ் 52,000.

இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறார். அந்த பே-ஸ்லிப்பைக் காட்டி மேனேஜரிடம் பேசலாமா? சம வேலைக்குச் சம ஊதியம் என்பது சட்டம்தானே, நேராக வழக்குப் போட முடியாதா? சம்பள விவரம் ரகசியம் என்று அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இருக்கிறது, தெரிந்துகொண்ட குற்றத்துக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவார்களா? "வேலையை விடப்போறேன்னு சொல்லு, தானா ஏத்துவாங்க" என்கிறார் கணவர். "கிடைக்கிறதை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்கிறார் அம்மா.

இனி என் பதில்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பிசையத்தான் செய்யும். கற்றுக்கொடுத்தவருக்குக் குறைவு, கற்றுக்கொண்டவருக்கு அதிகம் என்றால் யாருக்கும் பொறுக்காது. ஆனால் ஐந்து பக்கத்தில் நாலரைப் பக்கம் அந்தத் தம்பியின் சம்பளத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வக்கீலாக எனக்கு முக்கியமாகப் பட்ட இரண்டு வரிகள் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் வருகின்றன. ஒன்று, உங்கள் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கும் ஆண் ஊழியர் ஒருவரும் "நாப்பத்தோராயிரத்துக்கு மேல தாண்ட மாட்டேங்குது" என்று புலம்புவது. இன்னொன்று, பிரசவ விடுப்பில் இருந்தீர்கள் என்று சொல்லி 2022 ஏப்ரலில் உங்களுக்கு மட்டும் இன்கிரிமென்ட் போடாமல் விட்டது. முதல் வரி உங்கள் வழக்கைப் பலவீனமாக்குகிறது. இரண்டாவது வரி நீங்கள் நினைக்காத இடத்தில் பலமாக்குகிறது.

முதலில் கணக்கு

உங்களுடைய 38,500 பிடித்தம் போகக் கைக்கு வருவது. தம்பியின் 52,000 பிடித்தத்துக்கு முந்தைய கிராஸ். அரிசியையும் சோற்றையும் ஒரே படியால் அளந்திருக்கிறீர்கள். பிடித்த விவரங்களை எழுதியிருந்ததால் நானே கூட்டிப் பார்த்தேன். பி.எஃப். 1,800, மகாராஷ்டிரத் தொழில் வரி 200, இரண்டையும் சேர்த்தால் உங்கள் கிராஸ் 40,500. ஆக வித்தியாசம் நீங்கள் எழுதியிருப்பதுபோல 13,500 அல்ல, 11,500.

இரண்டாயிரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 13,500 என்று நீங்கள் ஆரம்பித்து, மேனேஜர் எச்.ஆரைக் கூப்பிட்டு, அவர் ஒரே நிமிடத்தில் அது தப்பு என்று காட்டிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் சரியான விஷயமும் எடுபடாது. கிராஸோடு கிராஸை மட்டும் ஒப்பிட்டுப் பேசுங்கள். சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) பக்கமே போக வேண்டாம். அதில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுட்டி, சில இடங்களில் மெடிக்ளெய்ம் பிரீமியம்கூட ஒளிந்திருக்கும்.

ஒரு விஷயம் கடிதத்தில் எங்குமே இல்லை. தம்பியிடம் ஜி கார்டு இருக்கிறதா? (கஸ்டம்ஸ் புரோக்கரிடம் வேலை பார்க்கிறவர் கஸ்டம்ஸ் துறை நடத்தும் தேர்வில் தேறினால் வாங்குவது அது. தேறாதவருக்கு எச் கார்டு.) அவரிடம் இருந்து உங்களிடம் இல்லையென்றால், கம்பெனி சொல்லப்போகும் முதல் காரணம் அதுவாகத்தான் இருக்கும், அதில் நியாயமும் கொஞ்சம் உண்டு. உங்களிடம் இருந்து அவரிடம் இல்லையென்றால் கதையே வேறு. பேசப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் எதுவரை கூட வரும்

அரசியல் சட்டத்தின் 39(டி) பிரிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது அரசுக்குச் சொல்லப்பட்ட வழிகாட்டு நெறி. அதை வைத்து நேராக ஒரு தனியார் கம்பெனியின் சட்டையைப் பிடிக்க முடியாது. இந்தக் கொள்கையை வைத்து வென்றவர்கள் இருக்கிறார்கள். டெல்லி போலீஸில் டிரைவராக இருந்த ரந்தீர் சிங், மற்ற அரசு டிரைவர்களுக்குக் கிடைக்கும் சம்பள விகிதம் தனக்கும் வேண்டும் என்று கேட்டு 1982-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2016-ல் பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர்களும் ஜெயித்தார்கள். இரண்டிலும் எதிரே நின்றது அரசு. தனியார் கம்பெனியில் ஒரே வேலைக்கு இரண்டு ஆண்களுக்கு இரண்டு சம்பளம் கொடுத்தால், அநியாயம் என்று சொல்லலாம், சட்ட விரோதம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

ஆண், பெண் என்ற வேறுபாட்டால் சம்பளம் குறைந்தால் மட்டும் தனியார் கம்பெனியும் பதில் சொல்லியாக வேண்டும். 1976-ல் இருந்து சம ஊதியச் சட்டம் இதைச் சொல்லி வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அதன் 3-வது பிரிவு, ஒரே வேலைக்கோ ஒரே தன்மையுள்ள வேலைக்கோ பாலினத்தைக் காரணமாக வைத்து ஊதியத்தில் வேற்றுமை காட்டக் கூடாது என்கிறது. ஒரே தன்மை என்பதற்குத் திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயரை யாரும் பார்ப்பதில்லை. "நான் எக்ஸிக்யூட்டிவ் ஆச்சே, லேபர் சட்டம் எனக்குப் பொருந்துமா" என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தத் தொகுப்பில் ஊழியர் என்ற சொல்லுக்குள் மேனேஜர்கூட அடக்கம்.

தம்பியை நினைத்துக் கவலைப்படுகிறீர்களே, அதற்கும் இதே பிரிவில் பதில் இருக்கிறது. சமப்படுத்துகிறேன் பேர்வழி என்று அதிகம் வாங்குபவரின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது.

சரி, உங்களுக்குக் குறைந்தது பெண் என்பதாலா? இங்கேதான் அந்த ஒன்பது வருட சீனியர் குறுக்கே வருகிறார். அவர் ஆண். உங்களைவிட இரண்டு வருடம் மூத்தவர். 41,000 வாங்குகிறார். கம்பெனியின் வக்கீல் எழுந்து, "இங்கே ஆண், பெண் பிரச்சினையே கிடையாது. பழைய ஆட்களுக்கு வருடாந்தர இன்கிரிமென்ட், புதிதாக வந்தவருக்கு மார்க்கெட் ரேட்" என்பார். எனக்குத் தெரிந்த வரை மும்பையில் பாதிக் கம்பெனிகள் இப்படித்தான் ஓடுகின்றன. இருக்கிறவர் எங்கே போய்விடப் போகிறார் என்ற தைரியம். இதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வரலாம், எனக்கும் வருகிறது. ஆனால் கோபத்தை நம்பி வழக்குப் போடச் சொன்னால் நான் உங்களுக்கு நல்லது செய்தவளாக மாட்டேன். தம்பியோடு ஒப்பிட்டு மட்டும் நீங்கள் போட்டால், தோற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

2022 ஏப்ரல்

இப்போது இரண்டாவது வரிக்கு வருகிறேன். 2021 அக்டோபரிலிருந்து 26 வாரம் பிரசவ விடுப்பில் இருந்திருக்கிறீர்கள். அடுத்த ஏப்ரலில் பிரிவில் எல்லோருக்கும் 8 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். உங்களுக்கு எச்.ஆரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது: விடுப்பில் இருந்ததால் இந்தச் சுற்றில் நீங்கள் தகுதி பெறவில்லை, அடுத்த வருடம் பரிசீலிக்கப்படும். "அப்போ குழந்தையைப் பார்க்கிறதே பெரிசா இருந்தது, நானும் விட்டுட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், அம்மா! பெரும்பாலான கம்பெனிகள் இவ்வளவு வெளிப்படையாக எழுதவே எழுதாது.

பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணின் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டின் பிரசவகாலப் பயன்கள் சட்டம் சொன்னது. உங்கள் மெயில் வந்தபோது அமலில் இருந்தது அந்தச் சட்டம்தான். பிரசவ விடுப்பு பெண்ணுக்கு மட்டும் வருவது. அதைக் காரணமாகக் காட்டி ஊதிய உயர்வை நிறுத்தினால், அந்த வேற்றுமையின் வேர் பாலினத்தில் இருக்கிறது என்று வாதிட நல்ல இடம் உண்டு. ஒன்பது வருட சீனியரை இதற்குக் குறுக்கே நிறுத்த முடியாது, அந்த ஏப்ரலில் அவருக்கு 8 சதவீதம் கிடைத்திருக்கிறதே. இன்கிரிமென்ட் எங்கள் விருப்பம், உரிமை அல்ல என்று கம்பெனி சொல்லும். சொல்லட்டும். விருப்பத்தைக்கூடப் பிரசவத்தைக் காரணம் காட்டி மறுக்கலாமா என்பதுதான் அடுத்த கேள்வி.

இன்கிரிமென்ட் சதவீதத்தில் ஏறுவதால் அன்று விட்ட 8 சதவீதம் இன்று வரை உங்களோடு வருகிறது. அது கிடைத்திருந்தால் இன்று உங்கள் கிராஸ் 40,500 அல்ல, 43,740. மாதம் 3,240 குறைகிறது, வருடத்துக்கு 38,880. ஊதியத் தொகுப்பின்படி பாக்கிக்கு மனுப்போட மூன்று வருட எல்லை உண்டு. மாதாமாதம் தொடரும் குறைவு என்பதால், கடந்த மூன்று வருடத்துக்கான தொகையைக் கேட்க வாதம் இருக்கிறது. அதற்கு முந்தையதைப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பக்கம் ஒரு மாதம் கழிந்துவிடும்.

ஆக, உங்கள் 11,500-ல் இரண்டு முடிச்சு இருக்கிறது. 3,240 ரூபாய் உரிமையாகக் கேட்க வேண்டியது. மீதி 8,260 பேரம் பேசி வாங்க வேண்டியது. இரண்டையும் ஒரே மூச்சில் கலந்து கேட்டால், பேரத்தை மறுக்கிற சாக்கில் உரிமையையும் சேர்த்து மறுத்துவிடுவார்கள்.

அந்த பி.டி.எஃப்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் தம்பியின் பே-ஸ்லிப் உங்களுக்குத் தேவையே இல்லை என்பது புரியும். அதை யாருக்கும் காட்டாதீர்கள், ஃபார்வர்டு செய்யாதீர்கள், மெயிலில் இணைக்காதீர்கள். உங்களை நம்பி அனுப்பியது. வேலை முடிந்தது, போனிலிருந்து அழித்துவிடுங்கள். நாளைக்கே விவகாரம் அதிகாரியிடம் போனாலும், சம்பளப் பதிவேடு வைத்திருப்பது கம்பெனியின் கடமை. அதைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் விசாரிப்பவருக்கு உண்டு. நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

ரகசிய ஷரத்து பற்றி. எதேச்சையாக ஒரு சம்பளத்தைத் தெரிந்துகொண்டது குற்றம் ஆகாது, அதற்காக யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், "மற்றவர் சம்பள விவரத்தைப் பயன்படுத்தினார்" என்று உங்களுக்கு மெமோ கொடுக்கச் சாக்குக் கிடைக்கும். அப்புறம் பேச்சு சம்பளத்தைப் பற்றி இருக்காது, உங்கள் நடத்தையைப் பற்றி இருக்கும். உங்கள் சொந்தச் சம்பளத்தைப் பற்றி உங்கள் மேனேஜரிடம் பேச எந்த ஷரத்தும் தடையில்லை.

தம்பியிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் எனக்கே இரண்டு மனசு. கடைசியில் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றியது. "ப்ரின்ட் எடுக்கும்போது கண்ணுல பட்டுது தம்பி. என் சம்பளம் பத்திப் பேசப்போறேன், உன் பேர் வராது." டீ குடிக்கப் போகும்போது இவ்வளவு சொன்னால் போதும். பிறகு வேறு வாய் வழியாக அவர் காதுக்குப் போனால் அக்கா என்ற சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

மேனேஜர் அறையில்

உங்கள் மேனேஜர் நல்ல மனுஷர், ஆனால் மேலிடத்துக்கு எதிராக வாயைத் திறக்க மாட்டார் என்கிறீர்கள். அப்படிப்பட்டவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. சம்பளத்தை ஏற்றும் கையெழுத்து அவரிடம் இல்லை. அவர் மாடிக்கு எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரு தாளைக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. அவர் தன் சொந்த வார்த்தையில் உங்களுக்காக வாதாட வேண்டியிராதபடி அந்தத் தாள் இருக்க வேண்டும்.

ஒரே பக்கம். இடப்பக்கம் 2022 முதல் ஒவ்வொரு ஏப்ரலும் கிடைத்த சதவீதம், 2022-க்கு எதிரே பூஜ்யம், விடுபட்டதைச் சேர்த்தால் வரும் இன்றைய கிராஸ். வலப்பக்கம் உங்கள் வேலை: மாதத்துக்கு எத்தனை ஷிப்மென்ட், தவறால் திருத்தம் போட வேண்டி வந்தது எத்தனை, நீங்கள் மட்டும் கையாளும் பெரிய பார்ட்டிகள் எத்தனை, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்த மாதங்கள். "நான் ரொம்ப உழைக்கிறேன்" என்று வேண்டாம், எண்ணாக இருக்கட்டும். ஆனால் அந்த எண்களுக்காக வாடிக்கையாளர் பைல்களை வீட்டு மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அது தனித் தகராறு.

வெசல் கட்-ஆஃப் நாளில் (கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கடைசி நாள்) போகாதீர்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம். "என் சம்பளம் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும்" என்று முன்கூட்டியே நேரம் கேளுங்கள். ஏப்ரல் அப்ரைசலுக்கு பட்ஜெட் முடிவாவதற்குள் பேசிவிடுங்கள், முடிவான பிறகு கேட்டால் அவர் நிஜமாகவே கையைத்தான் விரிப்பார்.

உள்ளே போனதும் முதலில் 2022. "சார், அந்த வருடம் பிரசவ விடுப்பைக் காரணம் காட்டி எனக்கு இன்கிரிமென்ட் விட்டுப்போயிருக்கிறது. அடுத்த வருடம் பார்க்கிறோம் என்று மெயில் இருக்கிறது, பார்க்கவே இல்லை. அதைச் சரிசெய்து பாக்கியும் தர வேண்டும்." நிறுத்துங்கள். அவர் பதில் சொல்லட்டும். அதன் பிறகுதான் இரண்டாவது: "இந்த வேலைக்கு இன்று வெளியே என்ன ரேட் என்று எனக்குத் தெரியும். ஏழு வருட அனுபவத்துக்கு என்னை எங்கே வைக்கிறீர்கள், ஏன் என்று தெரிய வேண்டும்." வெளி ரேட்டை நிஜமாகவே தெரிந்துகொண்டு போங்கள். இரண்டு வேலைவாய்ப்பு விளம்பரமும் உங்கள் தொழிலில் இருக்கும் இரண்டு தோழிகளும் போதும்.

"யார் என்ன வாங்குறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டால், "நான் யாருடைய சம்பளத்தையும் பேச வரவில்லை சார், என்னுடையதை மட்டும்தான்" என்பதோடு விட்டுவிடுங்கள். பொய் சொல்லாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். "பட்ஜெட் இல்லை" என்றால், 2022 பட்ஜெட் விஷயம் அல்ல, விட்டுப்போனது என்று மறுபடி சொல்லுங்கள். "அடுத்த அப்ரைசல்ல பார்க்கலாம்" என்றால் எந்தத் தேதி, எவ்வளவு என்று கேளுங்கள். அந்த அறையில் சட்டத்தின் பெயரே வர வேண்டாம். வந்த நிமிடமே அவர் பேச்சை நிறுத்திவிட்டு எச்.ஆருக்குப் போன் போடுவார்.

வெளியே வந்ததும் அன்றே ஒரு மெயில். நாலு வரி. இன்று சந்தித்தோம், இந்த இரண்டு விஷயம் பேசினோம், நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், இந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் மட்டும் அனுப்புங்கள். என் கட்சிக்காரர் ஒருவர், நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தவர், ராத்திரி 11.40-க்கு டைரக்டர்கள் உட்படப் பதினாலு பேருக்கு சி.சி. போட்டு ஒரு மெயில் அனுப்பினார். மறுநாள் வந்த ஷோ-காஸ் நோட்டீஸில் அவர் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெயிலில் இருந்த மூன்று வார்த்தைகளைப் பற்றித்தான் ஆறு மாதம் நடந்தது.

உங்கள் கணவர் சொல்லும் ராஜினாமா மிரட்டல் இருக்கிறதே, கையில் வேறு ஆஃபர் லெட்டர் இருந்தால் மட்டும். இல்லையென்றால் "சரி, நோட்டீஸ் கொடுங்க" என்று அவர்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒருவேளை போவதென்றே முடிவானால், ஐந்து வருடம் தாண்டியதால் கிராஜுட்டி உண்டு. 21,000 பேசிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 84,800 ரூபாய் வரும். வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. போய்விட்டால் 2022 பாக்கி அழிந்துவிடாது, ஆனால் உள்ளே இருந்து கேட்பது சுலபம்.

எழுத்தில் மறுத்தால்

அல்லது ஒரு மாதமாகியும் பதிலே வராவிட்டால், அடுத்தது வக்கீல் நோட்டீஸ். பெரும்பாலும் 2022 விஷயம் அதோடு தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த மெயிலை வைத்துக்கொண்டு வாதாட எந்தக் கம்பெனி வக்கீலுக்கும் ஆசை இருக்காது. தீராவிட்டால் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் காம்கார் பவன் இருக்கிறது, தொழிலாளர் ஆணையர் அலுவலகம். ஊதியத் தொகுப்பின் கீழ் மனுவை விசாரிக்கும் அதிகாரி பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம், மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. முயல வேண்டும் என்ற சொல்லை நீங்கள் அழுத்திப் படியுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

இந்த வழியின் நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போலவே கப்பல் தொழிலில், இதே பம்பாயில், மெக்கினன் மெக்கன்சி கம்பெனியில் ஆட்ரி டி'கோஸ்டா என்ற பெண் ஸ்டெனோகிராபர் இருந்தார். 1977-ல் வேலை போனது. ஆண் ஸ்டெனோகிராபர்களைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள் என்று மனுப் போட்டார். யூனியன் ஒப்பந்தப்படிதான் கொடுத்தோம் என்றது கம்பெனி, எங்கள் நிதி நிலைமை தாங்காது என்றது. எதுவும் எடுபடவில்லை, உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. தீர்ப்பு வந்தது 1987-ல். சட்டக் கல்லூரியில் இன்றும் எல்லோரும் படிக்கும் அந்த வழக்கில் அவருக்கு வர வேண்டியிருந்த சம்பளப் பாக்கி ஏழாயிரம் ரூபாய்ச் சொச்சம். சட்டம் ஜெயித்தது, பத்து வருடம் போனது. அதனால்தான் முதலில் மேனேஜர் அறை என்கிறேன்.

பழிவாங்கி நாவா சேவா சைட்டுக்கு மாற்றிவிடுவார்களோ என்று கேட்கிறீர்கள். மாற்றலாம், மாட்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுத்தில் கேட்ட தேதிக்கும் மாற்றல் உத்தரவின் தேதிக்கும் இடையே பதினைந்து நாள்தான் இருக்கிறது என்றால், அந்தப் பதினைந்து நாளே உங்களுக்குச் சாட்சி. வாயால் மட்டும் கேட்டிருந்தால் அந்தத் தேதி உங்களிடம் இருக்காது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் நாளைக்குத் தள்ள வேண்டாம். 2022-ல் எச்.ஆர். அனுப்பிய மெயில் உங்கள் ஆபீஸ் மெயில் ஐடியில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மெமோ வந்தாலோ வேலை போனாலோ முதலில் பூட்டப்படுவது அந்த ஐடிதான். அது உங்களுக்கு, உங்கள் சம்பளத்தைப் பற்றி வந்த கடிதம், அதன் பிரதியை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி இரண்டு ப்ரின்ட் எடுத்து, அந்த வருட இன்கிரிமென்ட் சமயத்துப் பே-ஸ்லிப்புகளோடு வீட்டில் பத்திரமாக வையுங்கள். மேனேஜரிடம் நேரம் கேட்பது அதற்குப் பிறகு.